மருந்துப் பத்தியில் பன்னீர் சோடா

என் எடையை நான் முதன்முதலில் எழுதி வைத்தது ஒரு தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு. தொண்ணூற்றிரண்டு கிலோ நானூறு கிராம். அதற்கு முந்தைய நாள் வரை என் எடை என்னவென்று எனக்குத் தெரியாது. அருப்புக்கோட்டையில் முப்பது வருடமாக மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிறேன். எத்தனையோ ஆயிரம் மூடைகளின் எடையைக் கிராம் பிசகாமல் எழுதியிருக்கிறேன். அதே தராசில் நானும் ஒரு நாள் ஏறிப் பார்க்கலாம் என்று தோன்றியதே இல்லை.

ஏற வைத்தவர் டாக்டர். என் தொப்புளுக்குச் சற்று மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு புடைப்பு இருந்தது. இருமினால் வெளியே எட்டிப் பார்க்கும், படுத்தால் உள்ளே போய்விடும். இரண்டு வருடமாக அதை ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருந்தேன். மனைவி வற்புறுத்திக் கூட்டிப்போனபோது டாக்டர் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, குடலிறக்கம் என்றார்.

"ஆபரேஷன் பண்ணிரலாம். ஆனா இந்த வயித்தோட பண்ணினா தையல் தாங்காது. எண்பத்தேழுக்கு வாங்க, பண்றேன்."

"இப்படியே விட்டுட்டா என்ன டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். ஆனா குடல் அதுல மாட்டிக்கிட்டா அன்னைக்கே வயித்தைத் திறக்கணும். நாள் நட்சத்திரமெல்லாம் பாக்க முடியாது."

எங்கள் மகளுக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் என்று முடிவாகி அப்போது பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீடு பாலவனத்தம். வைகாசிக்குள் அறுத்தால்தான் ஆவணியில் தெம்பாக நடமாட முடியும் என்று டாக்டர் கணக்குச் சொன்னார். வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது மனைவி சொன்னாள்:

"தாரை வாக்கையில நீங்க நிமிந்து நிக்கணும். ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு போன்ல கல்யாணம் பாக்கக் கூடாது. அம்புட்டுத்தான் நான் சொல்வேன்."

அன்று மாலையே ஒரு புது நோட்டு வாங்கி, அட்டையில் 'உடம்பு' என்று எழுதினேன். நான் எதையும் எழுதி வைப்பவன். குண்டாற்றில் எந்த நாளில் தண்ணீர் வந்தது, எந்த மணிக்கு மின்சாரம் போய் எந்த மணிக்கு வந்தது, நூலகத்தில் எந்தப் புத்தகத்தை எடுத்து எத்தனை நாளில் முடித்தேன் என்று எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு. எங்கள் வீட்டில் அந்த அலமாரியைச் சித்திரகுப்தன் அலமாரி என்பார்கள். புது நோட்டில் நான்கு பத்திகள் கோடு போட்டேன்: நாள், சாப்பிட்டது, மருந்து, எடை.

வெள்ளிதோறும் முதல் மூடை ஏறுவதற்கு முன்னால் நான் தராசில் ஏறுவது என்று வைத்துக்கொண்டேன். மண்டியில் எடை போடுகிறவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். யார் எவர் என்று பார்க்காமல் கேலி பேசும் வாய். மூடைக்குச் சாக்கு எடை கழிப்பது மண்டி வழக்கம். அதனால் வேட்டி சட்டையைத் தனியே நிறுத்து, அறுநூறு கிராம் கழித்துத்தான் எழுதினேன்.

"சாக்குக்குக் கழிச்சாச்சு, சரி. காம்புக்குக் கழிக்க வேணாமா அண்ணாச்சி?" என்றார் அவர்.

மறுநாளிலிருந்து காலையில் ஆறு இட்லி மூன்றாயிற்று. மதியச் சோறு பாதியாயிற்று. அப்பளத்தை நிறுத்தினேன். இரவில் இரண்டு கோதுமை தோசை, தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி, தேங்காய் கிடையாது. ஒவ்வொன்றையும் எழுதினேன். என் மனைவி சோற்றைப் பாதியாகப் போட்டுவிட்டு, மீதிப் பாதி பானையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

மாசி பிறந்தது. எங்கள் தொழிலில் மாசியும் பங்குனியும்தான் வருடம். திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் பக்கமெல்லாம் வத்தல் களத்தில் காயும். நான் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். களத்தில் வத்தலை அள்ளிக் குலுக்கிப் பார்ப்பது, நிறம் எப்படி, காய்ந்த பதம், அதாவது காய்ச்சல், எப்படி, மூடை எப்போது ஏறும் என்று கேட்பது, அப்படியே அந்த வீட்டு நல்லது கெட்டது விசாரிப்பது. இதற்கென்று ஒரு நீல அட்டை நோட்டு உண்டு. ஊர், யார் களம், நிறம், காய்ச்சல், உபசாரம் என்று அதில் ஐந்து பத்தி. உபசாரம் எதற்கு என்று கேட்கலாம். அந்த விவசாயச் சம்சாரிகள் மூடையோடு மண்டிக்கு வரும்போது, அவர்கள் வீட்டில் எனக்கு நடந்த மரியாதைக்குக் குறையாமல் இங்கே நடக்க வேண்டும். யார் என்ன கொடுத்தார்கள் என்பது மறந்து போனால் அது நடக்காது.

அந்த உபசாரம் பெரும்பாலும் கலர்தான். வெளியூரில் பாட்டிலின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் எல்லாக் குளிர்பானமும் கலர். ஆரஞ்சுக் கலர், கறுப்புக் கலர், அவ்வளவே பாகுபாடு. வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதான் தமிழ்நாட்டு வழக்கம் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். அதை எழுதியவர்கள் எங்கள் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. இங்கே நிலத்தடித் தண்ணீர் உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதை ஒரு விருந்தாளி முன்னால் வைக்கக் கூச்சப்பட்டுத்தான் கலர் வாங்கிக் கொடுக்கும் பழக்கம் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இப்போது குடிதண்ணீர் வண்டி வருகிறது, ஆனாலும் பழக்கம் போகவில்லை. முன்பு கடைக்கு ஆள் ஓடி ஒரு பாட்டில் வாங்கி வருவார்கள். இன்று வீட்டுக்கு வீடு பிரிட்ஜில் இரண்டு லிட்டர் பாட்டில் நிற்கிறது. அதனால் ஒரு டம்ளர் இரண்டு டம்ளராகியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வீட்டோடு ஏதோ மனக்கசப்பு என்று பொருள்.

ஆறு வீட்டுக் கலர் வயிற்றில் இறங்கினால் மாலையில் வயிறு பந்து மாதிரி ஆகிவிடும். திரும்பி வரும்போது அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வண்டியை நிறுத்தி ஒரு பன்னீர் சோடா குடிப்பேன். ஏப்பம் பெரிதாக வரும். வயிறு லேசாகும். சோடா குடித்தால் செமிக்கும், செமித்தால் உடம்பு இளைக்கும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை. அதனால் அந்தப் பன்னீர் சோடாவை 'உடம்பு' நோட்டில் மருந்து என்ற பத்தியில் எழுதினேன். 'ரத்த அழுத்த மாத்திரை ஒன்று. பன்னீர் சோடா ஒன்று.' மாசி மூன்றாம் வாரத்திலிருந்து, எடை குறையாததால், மருந்தை இரண்டாக்கினேன்.

எடை குறையவில்லை என்பது சரியான சொல் அல்ல. ஏறியது. மாசி முதல் வெள்ளி, தொண்ணூற்றிரண்டு இருநூறு. இரண்டாம் வெள்ளி, தொண்ணூற்றிரண்டு அறுநூறு. பங்குனி முதல் வெள்ளியில் தொண்ணூற்று மூன்று கிலோ நூறு கிராம். எடை போடுகிறவர் தராசின் சிவப்பு எண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஈரம் ஜாஸ்தி அண்ணாச்சி. களத்துல ரெண்டு நாள் காயப் போட்டு எடுத்தா சரியாயிரும்."

வத்தலுக்குச் சொல்வதை எனக்குச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டேன். அவர் சொன்னதுதான் விஷயம் என்று தெரிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

வீட்டில் சிரிப்பு இல்லை. "மண்டில வடை கிடை திங்கீகளா? உண்மையச் சொல்லுங்க" என்றாள் மனைவி. நோட்டை எடுத்துக் காட்டினேன். மூன்று இட்லி, பாதிச் சோறு, இரண்டு தோசை. ஒரு நாள்கூடப் பிசகு இல்லை. அவள் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, நோட்டை மூடி மேஜை மேல் வைத்தாள். வைகாசிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. இருமல் வந்தால் வயிற்றில் கை வைத்து அழுத்திக்கொண்டே இருமப் பழகியிருந்தேன். அந்தப் புடைப்பு நெல்லிக்காயிலிருந்து எலுமிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பங்குனி இரண்டாம் வாரம் எதிர்பாராமல் மழை வந்தது. திங்கள் தொடங்கி ஐந்து நாள் தூறலும் சாரலுமாக. களத்தில் கிடந்த வத்தலையெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எங்கும் போகவில்லை. வீட்டிலும் மண்டியிலுமாக இருந்தேன். மழைக்கு இரண்டு நாள் மனைவி வாழைக்காய் பஜ்ஜிகூடப் போட்டாள், நாலு தின்றேன், எழுதியும் வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை தராசில் ஏறும்போதே கண்ணை மூடிக்கொண்டேன். தொண்ணூற்றிரண்டு கிலோ இருநூறு. தொள்ளாயிரம் கிராம் குறைந்திருந்தது.

பஜ்ஜி தின்றால் இளைக்கும் என்று எழுத என் கை கூசியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, உட்கார்ந்து யோசித்தேன். அந்த வாரத்தில் செய்யாதது என்ன? ஊருக்குப் போகவில்லை. நீல நோட்டை எடுத்து 'உடம்பு' நோட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். இரண்டும் ஒரே அலமாரியில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒன்றரை மாதமாக நின்றவை. ஒன்றில் எழுதியது இன்னொன்றுக்குத் தெரியாது. விரலை வைத்துத் தேதி தேதியாகப் படித்தேன். அதிகக் களங்களுக்குப் போன வாரம் எடை ஏறியிருந்தது. ஒரு சாவுக்காக மூன்று நாள் அலைச்சலை நிறுத்திய வாரம், ஏறாமல் நின்றிருந்தது. மழை வாரம் இறங்கியிருந்தது. உபசாரம் என்ற பத்தியில் கலர், கலர், கலர் இரண்டு, கலர் என்று என் கையெழுத்தே வரிசையாக நின்றது. சாப்பிட்டது என்ற பத்தியில் அதில் ஒரு சொட்டுக்கூட இல்லை. குடித்ததை யாராவது சாப்பாட்டில் எழுதுவார்களா?

பிரிட்ஜில் எங்கள் வீட்டு விருந்தாளிகளுக்கு என்று ஒரு பாட்டில் இருந்தது. லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நூறு மில்லிக்குப் பதினோரு கிராம் சீனி. ஆறு டம்ளர் கலர், இரண்டு பன்னீர் சோடா. சாம்பிள் பார்க்கிற சின்னத் தராசு வீட்டில் ஒன்று உண்டு. அதன் தட்டில் ஒரு காகிதம் விரித்து, சீனி டப்பாவிலிருந்து கரண்டி கரண்டியாகப் போட்டேன். எண்பதைத் தாண்டி, நூற்றைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பெரிய டம்ளர் நிறைய வரும் அளவு.

மனைவி எழுந்து வந்தாள். "பாயாசமா? யாரு வாரா?"

"யாரும் வரல. போன மாசம் ஒரு நாள்ல நான் குடிச்சது இது."

புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சோத்தப் பாதியாக் கொறச்சுட்டு, பாவம் மனுசன் பசியோட போறாரேன்னு நான் ஒரு மாசமாச் சரியாத் திங்கல. நீங்க ஊர் ஊராப் போயி சீனி தின்னுட்டு வந்திருக்கீக."

"திங்கல. குடிச்சேன்."

"அதச் சொல்லுங்க." நோட்டைத் திருப்பி மருந்துப் பத்தியைப் பார்த்தாள். "பன்னீர் சோடா மருந்தா? இது எந்த டாக்டரு எழுதிக் குடுத்தது?"

அவளே பேனாவை எடுத்து, ஒவ்வொரு பன்னீர் சோடாவிலிருந்தும் பக்கத்துப் பத்திக்கு ஒரு அம்புக்குறி போட்டாள். அந்த நோட்டு இன்றும் அப்படியே இருக்கிறது. மருந்திலிருந்து சாப்பாட்டுக்குப் பறக்கும் அம்புகள்.

பிறகு நூலகத்தில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நான் புரிந்துகொண்டது இவ்வளவு. மென்று தின்றால் வயிறு நிறைந்ததாக உடம்பு உணர்கிறது, அடுத்த வேளை தானாகக் குறைத்துக்கொள்கிறது. குடிக்கும் சீனியை அது அப்படிக் கவனிப்பதில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஆள் மாதிரி. வெறும் சோடாவின் மேல் இந்தக் குற்றம் இல்லை. அதில் இருப்பது தண்ணீரும் காற்றும். ஏப்பம் வருவது அந்தக் காற்று திரும்பி வருவதுதான், இளைப்பதன் அடையாளம் அல்ல. இனிப்புச் சேர்ந்தால்தான் வினை. இத்தனை வருடம் படித்தவனுக்கு இது ஐம்பத்தெட்டாம் வயதில் தெரிந்தது.

தெரிந்துவிட்டது, சரி. இனி எப்படி வேண்டாம் என்று சொல்வது? களத்து அலைச்சல் இன்னும் ஒரு மாதம் இருந்தது.

திங்கள்கிழமை திருச்சுழிப் பக்கம் இரண்டு வீடு. "டாக்டர் வேண்டாம்னுட்டாரு" என்றேன். முகம் வாடினாலும் விட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நரிக்குடி தாண்டி ஒரு கண்மாய்க்கரை ஊர். மேலத்தெருவில் ஒரு வீட்டில் நான் வாய் திறப்பதற்குள் டம்ளரைக் கையில் வைத்துவிட்டார்கள். பாதி குடித்தேன். அன்று அதற்கு மேல் நேரமில்லாமல் திரும்பிவிட்டேன். அதே ஊர்க் கீழத்தெருவுக்கு வியாழக்கிழமைதான் போனேன்.

கீழத்தெருவில் எனக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம் உள்ள ஒரு வீடு. கணவர் ஆடுகளோடு காலையிலேயே போய்விடுவார். களமும் பேச்சும் அந்த அம்மாவின் கையில். என்னைவிடச் சின்னவர், நான் தங்கச்சி என்பேன், அவர் அண்ணாச்சி என்பார். அவர்கள் களத்து வத்தல் அந்த வட்டாரத்தில் முதல் தரம். நான் போனபோது களத்தில் தலைத்துண்டோடு வத்தலைக் காலால் தள்ளிக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வேப்பமரத்தடிக்கு வந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. கலரு எடுத்துட்டு வாரேன்."

"வேண்டாம் தங்கச்சி. டாக்டர் வேண்டாம்னுட்டாரு."

வீட்டுப் பக்கம் திரும்பியவர் நின்றார். "எப்ப வேண்டாம்னாரு?"

தேதி கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என் பழக்கம். "ஞாயித்துக்கெழம."

"ஞாயித்துக்கெழம டாக்டரு இருந்தாராக்கும்?"

களத்து வத்தலைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

"சரி, இருந்தாரு. அப்ப செவ்வாக்கெழம மேலத்தெருவுல குடிச்சது எந்தக் கணக்கு? அவ வீட்டுக் கலருல சீனி இல்லையா?"

"பாதிதான் குடிச்சேன் தங்கச்சி."

"பாதின்னும் சொல்லிட்டா. போன்லயே சொல்லிட்டா." தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "போன வருசம் நம்ம வத்தல் வெள்ளை பாஞ்சு நெறம் போயிருக்குன்னு நீங்க சொன்னதும், நான் ரெண்டு வார்த்தை கூடப் பேசுனதும் மனசுல வச்சிருக்கீக. இருக்கட்டும். அருப்புக்கோட்டையில ஒரு மண்டியா இருக்கு?"

அவர் கோபமாகக்கூட இல்லை. கண் கலங்கியிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த வீட்டில் நான் ஒன்றும் குடிக்காமல் எழுந்ததில்லை. ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டால் இந்த நிமிடமே எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. ஒரு டம்ளர்தானே. ஆனால் ஒன்றரை மாதமும் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு டம்ளராகத்தான் சேர்ந்தது. வயிற்றின் மேல் கை தானாகப் போயிற்று.

காருக்குப் போய் இரண்டு நோட்டையும் எடுத்து வந்தேன். கயிற்றுக் கட்டிலில் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த வீட்டுப் பக்கத்தை வாசித்தேன்.

"போன வருசம் மாசி மகத்துக்கு மறுநாள். ஆரஞ்சுக் கலரு ரெண்டு டம்ளர். மூணாவது வேண்டாம்னதுக்கு முறுக்கு. பங்குனி ஆறு, கறுப்புக் கலரு ஒண்ணு, வெள்ளரிப்பிஞ்சு. இந்த வருசம் மாசி ஒம்பது..."

"முறுக்கையுமா எழுதி வச்சிருக்கீக?" துண்டு கையில் அப்படியே நின்றது.

"எல்லாம் இருக்கு."

"இன்னும் வாசிங்க."

வாசித்தேன். நோட்டில் இருந்த மூன்று வருடத்தையும் வாசித்தேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகை கேட்பவர் மாதிரிக் கேட்டார். நடுவில் ஒரு முறை, "அன்னைக்குக் கரண்டு இல்ல, சூடான கலரக் குடுத்தேன்" என்று திருத்தினார். முடித்ததும் கேட்டார்:

"மேலத்தெருக்காரி எத்தனை குடுத்திருக்கா?"

"அது அடுத்த வீட்டு விசயம் தங்கச்சி."

"எண்ணிக்கை வேணாம். கூடவா கொறச்சலா, அத மட்டும் சொல்லுங்க."

"கொறச்சல்."

முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அந்தச் சமயத்தில் 'உடம்பு' நோட்டையும் காட்டினேன். எடை ஏறிய வாரங்கள், அம்புக்குறிகள், வயிற்றுப் புடைப்பு, டாக்டர் கேட்ட எண்பத்தேழு, ஆவணி முகூர்த்தம் எல்லாம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னது டாக்டர் அல்ல, தராசு என்பதையும் சொன்னேன்.

"அட, மக கல்யாணமா! அதச் சொல்லாம டாக்டரச் சொல்லிக்கிட்டு இருந்தா?" என்று அதட்டினார். பிறகு நோட்டை ஒரு முறை பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப நாந்தேன் உங்க வயித்த இப்படி ஆக்குனதா? மேலத்தெருக்காரியவிட நான்தேன் கூடவா?"

"நீங்கதேன் மொதல்."

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டேன், அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்.

"சும்மா எந்திரிச்சுப் போக விடமாட்டேன். என்னதான் குடிப்பீக?"

"நீங்க களத்துல என்ன குடிக்கீகளோ அது."

அவர் சிரிப்பு நின்றது. மரத்தடியில் ஈரச்சாக்குச் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது போர் தண்ணி அண்ணாச்சி. குடிதண்ணி வண்டி மூணு நாளா வரல. வீட்ல இருந்ததும் தீந்துபோச்சு. இத நாங்க குடிப்போம். உங்களுக்கு எப்படிக் குடுக்க?"

"குடுங்க."

சொம்பை இரண்டு முறை கழுவி, மொண்டு கொடுத்தார். ஈரச்சாக்கின் குளிர்ச்சி இருந்தது. முழுதும் குடித்தேன்.

"எப்படி இருக்கு?"

"உப்பாத்தான் இருக்கு."

"பொய் சொல்லத் தெரியாத மனுசன். சரி, எழுதிக்கிடுங்க. தண்ணி, ஒரு சொம்பு. போர் தண்ணின்னு எழுதிராதீக, நாலு பேரு பாப்பாக."

தண்ணீர் என்று மட்டும் எழுதினேன். இப்போது அந்தத் தெருவுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. அதனால்தான் இங்கே போர் என்ற அந்த ஒரு சொல்லைச் சேர்க்கிறேன்.

எனக்கு முன்னால் செய்தி போய்விட்டது. அடுத்த வாரம் நான் போன வீடுகளில் பாதிப் பேர் வாசலிலேயே சொம்போடு நின்றார்கள். "மக கல்யாணத்துக்கு எளைக்கீகளாமே அண்ணாச்சி?" என்று வீரசோழனில் ஒரு கடைக்காரர் கேட்டார். மேலத்தெருவிலிருந்து ஒரு போன் வந்தது: "நான் கொறச்சல்னு சொன்னீகளாமே?" அதற்கு நான் சொன்ன பதிலை எந்த நோட்டிலும் எழுதவில்லை. பஸ் நிலையத்துச் சோடாக்காரர் மட்டும் ஒரு வாடிக்கையை இழந்தார். பிறகு நானே போய் வெறும் சோடாவில் எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுத் தரச் சொன்னேன். ஏப்பம் அதே அளவுதான் வந்தது.

எடை மளமளவென்று இறங்கியது என்று சொல்ல மாட்டேன். வாரத்துக்கு அறுநூறு கிராம், எழுநூறு கிராம். சித்திரையில் ஒரு வாரம் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் சாப்பிட்டு முந்நூறு ஏறியது. சோற்றை மனைவி கொஞ்சம் கூட்டிப் போட்டாள், கண்டும் காணாமல் இருந்தேன். சித்திரை கடைசி வெள்ளி எண்பத்தெட்டு கிலோ தொள்ளாயிரம். வைகாசி மூன்றாம் வெள்ளி, அறுநூறு கிராம் கழித்து, எண்பத்தாறு கிலோ எண்ணூறு.

எடை போடுகிறவர் தராசைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தார். "இப்பத்தேன் காய்ச்சல் சரியா வந்திருக்கு. இனி மூடையத் தைக்கச் சொல்லலாம்."

அடுத்த புதன்கிழமை டாக்டர் தைத்தார்.

ஆவணி முதல் முகூர்த்தம், காலை ஆறு மணி முதல் ஏழரைக்குள். மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து மனைவி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, நான் நிமிர்ந்து நின்றேன். மனைவி ஊற்றி முடித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது, என் வயிற்றைப் பார்த்தாள். பிறகுதான் மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

நரிக்குடிப் பக்கத்து ஆட்கள் ஒரு வேனில் வந்தார்கள். கீழத்தெருவும் மேலத்தெருவும் ஒரே சீட்டில். மண்டப வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, தட்டில் வரிசையாகக் கலர் நீட்டிக்கொண்டிருந்தார்கள். அது நான் சொன்ன ஏற்பாடுதான். சம்பந்தி வீட்டுக்காரர்கள் வரும் வாசலில் வெறும் தண்ணீர் நீட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கீழத்தெருத் தங்கச்சி தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏன் அண்ணாச்சி, எங்கள எல்லாம் தண்ணிக்கு மாத்திட்டு, நீங்க ஊருக்கே கலரு குடுக்கீகளா?"

"உங்களுக்குத் தண்ணி கொண்டுவரச் சொல்றேன் தங்கச்சி."

"எனக்கு எதுக்கு? என்னைய எந்தத் தராசும் ஒண்ணும் சொல்லல." ஆரஞ்சை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்றை எடுத்தார். "ரெண்டுன்னு எழுதிக்கிடுங்க."

பின்னாலிருந்து மேலத்தெரு அம்மா கையை நீட்டினார். "எனக்கு மூணு."